குறைந்த மதிப்பெண்ணுடன் மருத்துவக் கல்லூரிக்கு: சுகாதாரப் பணியாளர் செய்ய வேண்டிய ஆயத்தம்

[திரையில்: கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையின் முகப்பு, பிறகு ஓர் எஸ்.பி.எம். சான்றிதழ்.]

வணக்கம். கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் தாதியராகவும், உதவி மருத்துவ அதிகாரிகளாகவும், ஆய்வுக்கூடப் பணியாளர்களாகவும் வேலை செய்கின்ற நம்மவர் பலருக்கு மருத்துவராக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. ஆனால், பழைய மதிப்பெண்களை நினைத்து அதை வெளியே சொல்லக்கூடத் தயங்குகிறார்கள். வார்டில் இத்தனை ஆண்டுகள் பெற்ற அனுபவம் அந்த மதிப்பெண்ணை ஈடுகட்டாதா என்பதே அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. ஈடுகட்டாது. விண்ணப்பிக்கும் தகுதியை மதிப்பெண்தான் தீர்மானிக்கிறது. அனுபவத்துக்கு மதிப்பு கிடைப்பது அந்தக் கட்டத்தைத் தாண்டிய பிறகே. இந்த வரிசையை மாற்றிப் புரிந்துகொள்வதால்தான் பலருக்கு ஆண்டுகளும் பணமும் வீணாகின்றன.

[திரையில்: ஐந்து பாடங்களின் பெயர்கள்.]

மலேசியாவில் மருத்துவப் படிப்புக்கான குறைந்தபட்சத் தகுதியை மலேசிய மருத்துவ மன்றம், அதாவது எம்.எம்.சி., வகுத்திருக்கிறது. இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இவற்றோடு இன்னொரு பாடம் என ஐந்திலும் குறைந்தது பி வேண்டும். அதற்கு மேல், ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம்.மில் மூன்று பி அல்லது அதற்கு இணையான தேர்ச்சி, அல்லது பல்கலைக்கழகப் புகுமுகப் படிப்பான ஃபவுண்டேஷனில் 4.00க்கு 3.00 சி.ஜி.பி.ஏ., அதாவது ஒட்டுமொத்தச் சராசரிப் புள்ளி, பெற்றிருக்க வேண்டும். டிப்ளோமா, பட்டம் ஆகியவற்றின் வழியாக வருவோருக்குத் தனி வரம்புகள் உண்டு, அவற்றை எம்.எம்.சி. வெளியிட்டுள்ள நடப்பு ஆவணத்தில் வரிவரியாகப் படித்துப் பாருங்கள். கல்லூரிகளின் விளம்பரத் தாளை மட்டும் நம்ப வேண்டாம்.

பலர் இடறுவது எஸ்.பி.எம். நிபந்தனையில்தான். தாதிமை டிப்ளோமாவில் சேர அறிவியல் பாடங்களில் ஒன்றில் மட்டும் கிரெடிட், அதாவது நல்ல தேர்ச்சி, இருந்தால் போதும் என்பதால், இயற்பியலையோ வேதியியலையோ எழுதாமலேயே தாதியானவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அப்படிப்பட்டவர் பல்லாயிரம் ரிங்கிட் கட்டி ஃபவுண்டேஷனை முடித்த பிறகு, எஸ்.பி.எம். இயற்பியல் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டால் அந்த வேதனையை என்னவென்று சொல்வது? ஆகவே, குறைவான அல்லது விடுபட்ட எஸ்.பி.எம். பாடத்தைத் தனித்தேர்வாளராக எழுதிச் சரிசெய்த பின்னரே அடுத்த படிக்குப் பணம் கட்டுங்கள்.

[திரையில்: ஒரு கணக்கு மெதுவாக எழுதப்படுகிறது.]

அடுத்து டிப்ளோமா. 90 கிரெடிட் (இங்கே பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு) கொண்ட டிப்ளோமாவில் ஒருவர் 2.60 பெற்றிருக்கிறார் என்று வையுங்கள். அவருடைய மொத்தப் புள்ளிகள் 234. அதன்மேல் இன்னும் 30 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் ஏ, அதாவது கிரெடிட்டுக்கு 4 புள்ளி, வாங்கினால் 120 புள்ளிகள் கூடும். 354ஐ 120ஆல் வகுத்தால் கிடைப்பது 2.95. ஓராண்டு முழுவதும் ஏ எடுத்தும் 3.00ஐத் தொடவில்லை. அதுவும், முடித்துச் சான்றிதழ் வாங்கிய டிப்ளோமாவோடு புதுப் பாடங்களைச் சேர்த்துக் கணக்கிட முடியும் என்றால்தான். உண்மையில் அப்படிச் சேர்ப்பதில்லை. எனவே பழைய சி.ஜி.பி.ஏ.யைத் தூக்கி நிறுத்தப் பாடுபடுவதைவிட, தனியாக நிற்கும் புதிய தகுதி ஒன்றைப் பெறுவதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. செலவு குறைந்தது எஸ்.டி.பி.எம்.; ஆனால் கடினமானது. ஃபவுண்டேஷன் ஓராண்டில் முடிந்துவிடும் என்றாலும், தனியார் கல்லூரியில் கட்டணம் கூடுதல்.

[திரையில்: மருந்துத் தள்ளுவண்டி, ஸ்டெதஸ்கோப், ஒரு டிகாக்சின் அட்டை.]

காலை 7 முதல் 2, மதியம் 2 முதல் 9, இரவு 9 முதல் மறுநாள் 7 என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பவர் பள்ளி மாணவரைப் போல மணிக்கணக்கில் உட்கார்ந்து படிக்க முடியாது. ஆனால் பள்ளி மாணவருக்குக் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது. இதய நோய்க்கான டிகாக்சின் மாத்திரை கொடுப்பதற்கு முன் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ணுகிறீர்கள். 60க்குக் கீழே இருந்தால் மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டரிடம் தெரிவிக்கிறீர்கள். ஏன் என்று அன்றே புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அந்த மருந்து இதயத் தசைச் செல்லின் சவ்விலுள்ள சோடியம்–பொட்டாசியம் பம்பைத் தடுக்கிறது. செல்லுக்குள் சோடியம் கூடுவதால் கால்சியம் வெளியேறுவது குறைந்து, தசை வலுவாகச் சுருங்குகிறது. வேகஸ் நரம்பின் வழியாகத் துடிப்பும் மெதுவாகிறது. சிறுநீரைப் பெருக்கும் லேசிக்ஸ் மருந்தை எடுக்கும் நோயாளிக்குப் பொட்டாசியம் இறங்கினால், பம்பில் டிகாக்சினோடு போட்டியிடப் பொட்டாசியம் போதாமல், வழக்கமான அளவே நஞ்சாகிவிடக்கூடும். உயிரியல் பாடத்தில் செல் சவ்வின் வழியே நடக்கும் செயல்மிகு கடத்தல் (active transport) என்று வருவது இதுதான். இரத்த வாயுப் பரிசோதனை முடிவைப் பார்க்கும்போது வேதியியலின் தாங்கல் கரைசல் (buffer) பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஷிப்டுக்கு இப்படி ஒரே ஒரு கேள்வி போதும். இரவு ஷிப்ட் முடிந்த காலையில் மட்டும் படிக்க வேண்டாம், தூங்குங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: தனியார் மருத்துவப் படிப்புக்குப் பல இலட்சம் ரிங்கிட் ஆகும். ஊழியர் சேமநிதியின் செஜாத்தெரா கணக்கிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்க முடியும், அரசாங்கத்தின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என்.னும் உண்டு. ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிறகு மருத்துவமனையில் ஈராண்டு ஹவுஸ்மன் (பயிற்சி மருத்துவர்) பயிற்சி இருப்பதையும் குடும்பத்தோடு பேசிக்கொள்ளுங்கள். குறைந்த மதிப்பெண்ணுக்கும் வெளிநாட்டில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவர்களிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. அந்தப் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், அதாவது அங்கீகரிக்கப்பட்டவற்றின் பட்டியலில், இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நாடு திரும்பித் தகுதித் தேர்வு எழுத நேரும்.

[திரையில்: நேர்காணல் அறை.]

இவ்வளவும் தாண்டி நேர்காணலுக்கு அழைக்கப்படும்போதுதான் உங்கள் அனுபவத்தின் முறை வருகிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தோன்றிய, சில நிமிடங்களுக்கு ஓர் அறையாக மாறிச் செல்லும் நேர்காணல் முறையைச் சில கல்லூரிகள் பின்பற்றுகின்றன. சினமடைந்த உறவினரிடம் எப்படிப் பேசுவீர்கள், சக ஊழியர் தவறான மருந்தளவைக் கொடுக்கப் போனால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விகளுக்கு நீங்கள் நடந்ததைச் சொல்லலாம். வார்டு அனுபவம் இல்லாத மற்ற விண்ணப்பதாரர்களோ கற்பனை செய்துதான் சொல்ல வேண்டியிருக்கும். நோயாளியின் பெயரோ அடையாளமோ வெளிப்படாமல் சொல்லுங்கள். தாதிமையைத் தாழ்த்தி மருத்துவத்தை உயர்த்திப் பேச வேண்டாம். பழைய மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டால் காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, புதிய சான்றிதழைக் காட்டுங்கள். பரிந்துரைக் கடிதத்தை, பெரிய பதவியில் இருப்பவரிடம் கேட்பதைவிட, வார்டில் உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த சிஸ்டரிடமோ நிபுணத்துவ மருத்துவரிடமோ கேட்டுப் பெறுங்கள். அவர்கள் இடமாற்றலாகிப் போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.