முதலூர்: ஐயர் இல்லாத வருஷங்கள்

எல்லாருக்கும் வணக்கம். சாத்தான்குளம் பக்கத்தில் இருக்கிற முதலூர் என்றாலே பாதிப் பேர், இந்த ஊருக்குப் பேர்போன மஸ்கோத் அல்வா என்றுதான் கமெண்ட் போடுவீர்கள். போடுங்கள், தப்பில்லை. நான் இன்றைக்கு இந்த ஊரை உண்டாக்கின ஜனங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். தலைப்பில் ஐயர் என்றது பாதிரியாரை, எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

1790களின் கடைசி. சாத்தான்குளம் வட்டாரத்தில் பிறந்த தாவீது சுந்தரானந்தம் தஞ்சாவூர் மிஷனில் படித்துவிட்டு, உபதேசியாராக, அதாவது வேதம் சொல்லிக்கொடுக்கிற சபை ஊழியராக, சொந்த ஜனங்களிடமே திரும்பி வருகிறார். விஜயராமபுரம் பக்கம் சில குடும்பங்கள் ஞானஸ்நானம் எடுக்கின்றன. அவ்வளவுதான், தொந்தரவு ஆரம்பித்துவிட்டது. ஜெபவீட்டை இடித்தார்கள், ஆட்களையும் நிம்மதியாக விடவில்லை. இனி அங்கே இருக்க முடியாது என்றானபோது, பாளையங்கோட்டையில் இருந்த எவரெட் என்ற கேப்டன் பணம் கொடுத்து உதவ, நிலம் வாங்கி 1799-ல் இங்கே வந்து குடியேறினார்கள். திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்றே உண்டான முதல் ஊர், அதனால்தான் இந்தப் பெயர்.

தூரம் என்று பார்த்தால் பெரிசாக ஒன்றும் இல்லை. ஆனால் விட்டுவிட்டு வந்ததைப் பாருங்கள். பனையேறிப் பிழைக்கிற ஜனம். ஒரு பனை பதநீர் தர பதினைந்து, இருபது வருஷம் ஆகும். வீட்டைப் பிரித்து ஓலையையும் கம்பையும் தூக்கிக்கொண்டு வரலாம், தாத்தா நட்ட பனையைத் தூக்கிக்கொண்டு வர முடியுமா? சொந்தபந்தமும் அங்கேதான்.

சரி, வந்தாயிற்று. 1802-ல் கெரிக்கே ஐயர் என்ற ஜெர்மன் மிஷனெரி இந்தப் பக்கம் வந்தபோது, சுற்று வட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் எடுத்தார்கள். பண்டிகை நாடகத்தில் இதுவரைக்கும் காட்டுவோம். அதற்கு அப்புறம் என்ன ஆனது என்று யாரும் காட்டுவதில்லை. மறு வருஷமே கெரிக்கே இறந்துபோனார். கொஞ்ச காலத்தில் தாவீது உபதேசியாரும் இல்லை. விஷம் வைத்துக் கொன்றார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அது வாய்வழிச் செய்தி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ரிங்கல்தௌபே ஐயர் என்ற இன்னொரு மிஷனெரி சில காலம் பார்த்துக்கொண்டார், அவரும் தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் மயிலாடிக்குப் போய்விட்டார். அப்புறம் 1811 வாக்கில் கொள்ளைக்காய்ச்சல். வீட்டுக்கு வீடு சாவு. பயந்துபோய்ப் பழைய சாமிகளிடமே திரும்பினவர்கள் நிறையப் பேர். எல்லாரும் உறுதியாக நின்றார்கள் என்று நான் கதை விட மாட்டேன். பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது பெற்றவள் எந்தச் சாமியிடம்தான் போக மாட்டாள்?

ஆனாலும் 1816-ல் ஜேம்ஸ் ஹஃப் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி சாப்ளின், அதாவது கம்பெனிக்காரர்களுக்கான பாதிரியார், பாளையங்கோட்டைக்கு வந்து, இந்தப் பக்கச் சபைகளைத் தேடிப் போனபோது, முதலூரும் பக்கத்து ஊரான நாசரேத்தும் கிறிஸ்தவ ஊர்களாகவே இருந்தன. வெள்ளைக்கார ஐயர் ஒருவரும் கூட இல்லாமல் சபையைக் காப்பாற்றினது நாட்டு ஐயர்மாரும் உபதேசிமாரும் வீட்டிலே ஜெபம் சொல்லிக்கொடுத்த பாட்டிமாரும்தான். கல்வெட்டில் மிஷனெரிமார் பெயர் இருக்கிறது, இருக்கட்டும். இந்தப் பாட்டிமார் பெயர் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? எனக்கு அதுதான் கோபம். வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேளுங்கள், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் எத்தனை வருஷம் நடந்தார்கள் என்று டக்கென்று சொல்லும். தன் குடும்பம் எந்த ஊரை விட்டு வந்தது என்று கேட்டால் முழிக்கும்.

உங்கள் வீட்டில் எண்பது வயசு தாண்டின ஆச்சியோ தாத்தாவோ இருந்தால், போனை எடுத்து ரெக்கார்டிங் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். எந்த ஊர், யார் முதலில் வந்தது, வரும்போது யாரை விட்டு வந்தார்கள் என்று கேளுங்கள். சபையில் எல்லாரும் சேர்ந்து விருந்து சாப்பிடுகிற அசன நாளில் கேட்காதீர்கள், அன்றைக்கு அவர்கள் கவனமெல்லாம் பந்தியில் இருக்கும். அடுத்த வீடியோ நாசரேத்திலிருந்து.