மலையில் ஓட்ட எந்த எஸ்யூவி? கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, தினமும் ஊட்டிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மாதம் ஒன்றிரண்டு தடவை அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கோவை கூட்டிப்போக வேண்டும், அவருக்கு இடுப்பு வலி. கிரெட்டா டீசல், கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட், எலிவேட் மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். எது அலுப்பில்லாமல் போகும், எது மைலேஜ் தரும்?"

நல்ல கேள்வி. ஆனால் தம்பி, இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே! நான் எப்போதும் இறக்கத்தையே பேசுபவன், இந்தச் சேனலைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் இப்போதே சிரித்திருப்பார்கள். பரவாயில்லை, முதலில் மைலேஜுக்கு வருகிறேன்.

பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரியும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிடுக்கு லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்களே, அது சோதனைக்கூடத்தில் உருளைமேல் வண்டியை ஓட்டி எடுத்த கணக்கு. அங்கே குன்னூர் மலைச்சாலைப் பர்லியாறும் கிடையாது, கொண்டை ஊசி வளைவும் கிடையாது. ஆட்களோடு சேர்த்து ஒன்றரை டன் எடையுள்ள வண்டி மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறினால், கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம். அந்த எடையை மேலே தூக்க மட்டுமே ஏறக்குறைய 3 லிட்டர் பெட்ரோல் எரியும். எந்தக் கம்பெனி வண்டியானாலும் இதில் பெரிய தள்ளுபடி கிடைக்காது.

இன்னொன்று, ஊட்டியில் காற்று மெலிசு. எலிவேட்டில் இருப்பது டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி, இல்லாத இன்ஜின். புத்தகத்தில் 121 குதிரை சக்தி. 2,240 மீட்டர் உயரத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிருக்கும். வண்டி நின்றுவிடாது, மிதிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். டீசலில் டர்போ இருப்பதால் அந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. ஹைப்ரிடில் இன்ஜின் இளைத்தாலும் மோட்டாருக்குக் காற்று தேவையில்லையே, அது தாங்கிக்கொள்ளும். கோத்தகிரி-ஊட்டி சாலை ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருவது. இறங்கும்போது பேட்டரியில் சேரும் மின்சாரத்தை அடுத்த ஏற்றத்திலேயே செலவழிக்கலாம். உங்கள் அன்றாட ஓட்டத்துக்கு ஹைப்ரிட்தான் என் முதல் ஓட்டு.

டீசல் மோசம் என்று சொல்லவில்லை. நாலைந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏற்றிக்கொண்டு அடிக்கடி கீழே போய் வருபவருக்கு அதன் இழுவை சுகம். ஆனால் 2020-க்குப் பின் வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. அது சூடேறினால்தான் கரி எரியும். டவுனுக்குள்ளேயே பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று உருட்டிக்கொண்டிருந்தால் அடைத்துக்கொண்டு மஞ்சள் விளக்கு எரியும். அப்புறம் மேட்டுப்பாளையம் தாண்டிக் கோவை ரோட்டில் நல்ல ஓட்டம் விட்டு வர வேண்டியதுதான்.

சரி, இறக்கம். போன மழைக்காலத்தில் கோத்தகிரி-மேட்டுப்பாளையம் சாலையில் குஞ்சப்பனை பக்கம் டீ குடிக்க நிறுத்தினேன். ஒரு புது வண்டி, முன்சக்கரத்தில் புகை. ஓட்டி வந்தவர் பாட்டில் தண்ணீரோடு ஓடுகிறார். கொதிக்கிற பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிப்போகும். கையைப் பிடித்து நிறுத்தினோம். என்னங்க செய்தீர்கள் என்றால், மைலேஜுக்காக நியூட்ரலில் இறக்கினாராம்! இதை எத்தனை வீடியோவில் சொன்னாலும் அலுக்காது எனக்கு: கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இப்போதைய வண்டிகளில் இன்ஜினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் குடிக்கும். வண்டியை இன்ஜினும் பிடிக்காது, முழுச் சுமையும் பிரேக்குக்கு. மிச்சமும் இல்லை, பிரேக்கும் போச்சு. இரண்டாவது கியரில் இறங்கு என்று வழியெல்லாம் போலீஸ் போர்டு வைத்திருப்பது அழகுக்கா? ஊட்டி-மசினகுடி சாலையில் கல்லட்டியில் 36 வளைவு. வெளியூர் வண்டி அதில் ஏறலாம், இறங்க விடமாட்டார்கள். ஏன் என்று யோசியுங்கள்.

ஹைப்ரிட் வாங்கினால் இதில் ஒரு விஷயம். அதன் பேட்டரி 0.76 யூனிட்தான். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கும்போது கிடைக்கிற ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட அதில் கொள்ளாது. பாதி மலை தாண்டும் முன்பே நிரம்பிவிடும். நிரம்பியபின் வண்டி தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பி உட்காராதீர்கள். கியர் குச்சியில் 'பி' (B; நிறுத்திவைக்கும் P இல்லை) என்று ஒன்று இருக்கும், அதில் போட்டால் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். சத்தம் கொஞ்சம் கத்தும். கத்தட்டும்.

அம்மாவின் இடுப்புக்கு: பெரிய அலாய் வீல் மாடலுக்கு ஆசைப்படாதீர்கள். ரிம் பெரிதானால் டயரின் ரப்பர் பக்கம் ஒல்லியாகி, குழியெல்லாம் நேராக முதுகுக்கு வரும். சன்ரூஃப் பணத்தை நல்ல டயருக்கு வையுங்கள். கோத்தகிரிப் பனிமூட்டத்தில் மேலே பார்க்க என்ன இருக்கிறது?

டெஸ்ட் டிரைவ் என்றால் கோவையில் பிளாட்டான ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். குஞ்சப்பனை வரையாவது ஏற்றச் சொல்லி, அங்கிருந்து நீங்கள் இறக்குங்கள். அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர் முகம் சுளித்தால், மைலேஜ் எவ்வளவு ஆனாலும் அந்த வண்டி வேண்டாம் தம்பி.