ஓதம் அடிக்கும் சுவருக்கு யார் பொறுப்பு?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் தொழிலால் கட்டடப் பொறியாளர். சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள அடுக்குமாடி வீடுகளில் சுவர் நனைந்து, பூச்சு உதிர்ந்து, பூஞ்சணம் படியும்போது, வீட்டுக்காரரோ குடியிருப்போர் சங்கமோ அழைத்தால் நேரில் சென்று காரணத்தைக் கண்டறிந்து எழுதிக் கொடுப்பது என் அன்றாட வேலைகளுள் ஒன்று. 'சுவர் ஓதம் அடிக்கிறது' என்று நாம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்த ஓதம் மொட்டை மாடியிலிருந்து இறங்கிய மழைநீராக இருக்கலாம். பக்கத்துக் குளியலறையிலிருந்து கசிந்ததாக இருக்கலாம். அடித்தளத்திலிருந்து செங்கல் உறிஞ்சியதாக இருக்கலாம். அல்லது எந்தக் கசிவும் இல்லாமல், அறைக் காற்றில் இருந்த நீராவியே குளிர்ந்த பரப்பில் பட்டுத் துளியாகியிருக்கலாம். இவற்றுள் எது என்பதைப் பொறுத்தே, கட்டியவர், வாங்கியவர், சங்கம், பெயிண்ட் நிறுவனம், ஏசி பொருத்தியவர் ஆகியோரில் யார் செலவை ஏற்க வேண்டும் என்பது முடிவாகும். காரணத்தை நிறுவாமல் பொறுப்பைப் பற்றி வாதாடுவதால்தான் இந்தத் தகராறுகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் தென்சென்னையில் மூன்றாம் மாடி வீடு ஒன்றைப் பார்க்க அழைத்தார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு. படுக்கையறையில் ஏசிக்குக் கீழே ஒரு முழ அகலத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்து, விரல் வைத்தால் பட்டி பொடியாகக் கையோடு வந்தது. அதே சுவரின் மறுபக்கம், கூடத்தில், சுவரை ஒட்டி நின்ற மர அலமாரியின் பின்பலகை கறுத்து, உள்ளே மடித்து வைத்திருந்த பட்டுப் புடவைகளின் ஓரங்களில் சாம்பல் நிறப் புள்ளிகள் படிந்திருந்தன. வீட்டை ஒப்படைத்து நான்கு ஆண்டுகளும் சில மாதங்களும் ஆகியிருந்தன. கட்டுமான நிறுவனத்தின் மேற்பார்வையாளர் வந்து பார்த்து, "அம்மா, இது லீக்கேஜ் இல்லை, காத்தோட்டம் இல்லாம வர்ற ஈரம், ஜன்னலைத் திறந்து வைங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஏசி பழுதுபார்க்க வந்தவர், வாரண்டி கம்ப்ரசருக்கு உண்டு, சுவருக்குள் போகும் குழாய்க்கு இல்லை என்றார். பெயிண்ட் விற்றவர், 'சுவருக்குள்ளிருந்து வரும் ஈரத்துக்கு இந்த உத்தரவாதம் பொருந்தாது' என்ற வரியை அட்டையில் காட்டினார். மூவரும் தத்தம் தாளில் அச்சாகியிருந்ததைத்தான் சொன்னார்கள். சுவரைச் சோதித்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

சோதிப்பதற்குப் பெரிய கருவி ஏதும் தேவையில்லை. ஓர் அடி நீளமும் ஓர் அடி அகலமும் உள்ள தடித்த பாலிதீன் தாள்கள் இரண்டை எடுத்து, ஒன்றை ஏசிக்குக் கீழேயும், மற்றொன்றை அலமாரிக்குப் பின்னால் சற்றுத் தள்ளியும் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விட்டோம். தாளின் அறைப்பக்கம் நீர் கோத்தால் அது காற்றிலிருந்து வந்த ஈரம். சுவர்ப்பக்கம் கோத்தால் சுவருக்குள்ளிருந்து வருவது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தபோது ஏசிக்குக் கீழே இருந்த தாளின் உட்புறம் முழுவதும் முத்து முத்தாக நீர்; அலமாரிக்குப் பின்னால் இருந்த தாளின் வெளிப்புறம் நனைந்திருந்தது. ஒரே சுவரில் இரண்டு வேறு ஈரங்கள் இருந்தன என்பது அப்போதுதான் அந்த அம்மாவுக்கும் எனக்கும் உறுதியாயிற்று.

காற்று வியர்ப்பதன் கணக்கை இங்கே சற்று விளக்க வேண்டும். குளிர்ந்த நீர் நிரப்பிய சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். காற்றின் வெப்பம் 30 டிகிரி செல்சியசும் ஈரப்பதம் 80 சதவீதமும் இருந்தால், ஏறத்தாழ 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்தக் காற்று நீர்த்துளியை விட்டுவிடும். குளிர்நாடுகளில் வெளிச்சுவர் குளிர்ந்து, வீட்டின் உட்புறம் வியர்க்கிறது. நம் கடற்கரை ஊர்களில் இது தலைகீழாக நடக்கிறது: ஏசி ஓடும் அறையால் குளிர்ந்த சுவரின் மறுபக்கம், ஏசி இல்லாத அறையின் ஈரக் காற்றில் வியர்க்கிறது. திறந்த சுவர் அறைக் காற்றின் சூட்டைப் பெற்று ஓரளவு தப்பிவிடும். அலமாரியை ஒட்டி வைத்த சுவருக்கு அந்தச் சூடு சேர்வதில்லை. அது மேலும் குளிர்ந்து நனைகிறது. அந்த வீட்டில் இரவு முழுவதும் ஏசியை 18 டிகிரியில் வைத்திருந்தார்கள். ஆகவே, 'ஜன்னலைத் திறந்து வையுங்கள்' என்று மேற்பார்வையாளர் சொன்ன யோசனை, மழைக்காலத்தில் அந்தக் கூடத்துக்கு மேலும் ஈரக் காற்றையே கொண்டுவந்திருக்கும்.

மற்ற ஈரத்துக்காக ஏசிக்குக் கீழே சுவரை வெட்டிப் பார்த்தோம். வீடு கட்டும்போதே சுவருக்குள் பதித்திருந்த செம்புக் குழாயின் கறுப்பு ரப்பர் உறை, வளைவு வரும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு இல்லை. குளிர்ந்த வாயு கம்ப்ரசருக்குத் திரும்பும் அந்தக் குழாய், ஏசி ஓடும் நேரமெல்லாம் பத்து டிகிரியை ஒட்டிக் குளிர்ந்திருக்கும். உறை இல்லாத இடத்தில் சுற்றியுள்ள காற்றின் நீராவி விடாமல் துளிர்த்துச் செங்கலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். இதுவும் நீராவி குளிர்ந்து வந்த ஈரம்தான். ஆனால் குடியிருப்பவரின் பழக்கத்தால் வந்த ஈரம் இல்லை. இந்த வேறுபாடுதான் பொறுப்பைத் தீர்மானிக்கிறது.

இனி ஒப்பந்தத் தாள்களுக்கு வருவோம். அந்த ஆசிரியையின் கட்டுமான ஒப்பந்தத்தில் 'ஒப்படைத்த நாளிலிருந்து 12 மாதங்களுக்கு மட்டுமே குறைபாடுகள் சரிசெய்து தரப்படும். ஈரம், பூஞ்சை, மயிரிழை விரிசல் ஆகியவை இதில் அடங்கா' என்று ஒரு பத்தி இருந்தது. இப்படிப்பட்ட பத்தியைப் பல ஒப்பந்தங்களில் பார்த்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு, காலம் கடந்துவிட்டது என்று கைவிட்டவர்களையும் பார்த்து வருந்தியிருக்கிறேன். ஆனால் நாம் ரெரா என்று அழைக்கும் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள், கட்டமைப்பிலோ, வேலைத்திறனிலோ, தரத்திலோ, ஒப்பந்தப்படி தர வேண்டிய வசதிகளிலோ உள்ள குறைபாட்டைத் தெரிவித்தால், கட்டுநர் அதை 30 நாட்களுக்குள் தம் செலவிலேயே சரிசெய்ய வேண்டும் என்றும், தவறினால் இழப்பீடு பெறும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்றும் சொல்கிறது. சட்டம் ஒருவர் மீது சுமத்திய கடமையை அவரே அச்சடித்த ஒப்பந்தத்தின் ஒரு பத்தியால் குறைத்துவிட முடியாது என்பதே என் புரிதல். வீடு வாங்குவோரைக் கட்டாயப்படுத்தும் ஒருதலைப்பட்சமான ஒப்பந்த விதிகள் அவர்களைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் பயனீர் அர்பன் வழக்கில் கூறியிருப்பதும் இதே திசையில்தான் இருக்கிறது.

அந்த அம்மாவின் ஒப்பந்தத்தோடு இணைந்த வசதிப் பட்டியலில், 'படுக்கையறைகளில் ஏசிக்கான செம்புக் குழாய்த் தடம்' என்ற ஒரு வரி இருந்தது. ஏசி அவர் வாங்கியது. குழாய் கட்டுநர் பதித்தது. அந்த ஒரு வரிதான் அவருக்குக் கைகொடுத்தது. ஒப்பந்தத்தை எடுத்தவுடன் எல்லோரும் விலையையும் சதுர அடியையும் படிக்கிறார்கள். கடைசிப் பக்கங்களில் இருக்கும் வசதிப் பட்டியலை யாரும் புரட்டுவதில்லை.

ஐந்து ஆண்டு என்ற கணக்கில் இரண்டு விவரங்களை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, அது ஒப்படைத்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. ஈரம் தெரிந்த நாளிலிருந்து அன்று. இடையில் கட்டுநர் இருமுறை பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தாலும் கடிகாரம் நிற்பதில்லை. பெயிண்ட், காரணத்தை மறைத்துவிட்டு ஓராண்டைத் தின்றுவிடுகிறது. அதனால்தான் முதல் புகாரையே எழுத்தில், படங்களோடு, பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். இரண்டாவது, முதலில் வாங்கியவரிடமிருந்து வீட்டை வாங்கியவரும் இந்தச் சட்டத்தின் பொருளில் ஒதுக்கீடு பெற்றவரே; எஞ்சியிருக்கும் காலத்துக்கு அவருக்கும் இந்த உரிமை உண்டு. வாடகைக்கு இருப்பவருக்கு இது பொருந்தாது.

ரெராவோடு நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்தே இருக்கிறது. ஒன்று மற்றொன்றைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் இம்பீரியா வழக்கில் தெளிவாக்கியது. சொந்த மனையில் மேஸ்திரியையோ ஒப்பந்ததாரரையோ வைத்து வீடு கட்டுபவர்களுக்கு ரெரா உதவாது. அவர்களுக்கு ஒப்பந்தமும் நுகர்வோர் சட்டமும்தான் துணை. அதிலும் புகாருக்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகளே.

தனி வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது உப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மனைகளில் உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே கலவை கலந்து, அதிலேயே செங்கலை ஊறவைத்து, அதையே சுவருக்கு நீராற்றிக் கட்டிவிடுகிறார்கள். இரும்புக் கம்பி உள்ள கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 வரையறுக்கிறது. செங்கல் வேலைக்கு என்ன நீர் என்று ஒப்பந்தத்தில் எழுதுபவர்கள் அரிது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் சுவர்கள் மழை படாமலே நனைகின்றன. வீட்டுக்காரர் மேல்தளத்தில் கசிவைத் தேடி, மழைநீரைத் தடுக்கப் போட்ட மேற்பூச்சான வெதரிங் கோர்ஸைப் பெயர்த்துப் பணத்தைக் கரைக்கிறார். வேலை தொடங்கும் முன் நீரைச் சோதனைக்கு அனுப்பிய சீட்டை ஒப்பந்தத்தோடு இணைத்தால், பின்னாளில் பொறுப்பைக் காட்ட அதைவிட நல்ல சான்று வேறில்லை.

நீர்த்தடுப்புப் பூச்சுகளின் ஏழு ஆண்டு, பத்து ஆண்டு உத்தரவாதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவை பூச்சுப் பொருளுக்கானவை. எத்தனை கை அடிக்க வேண்டும், யார் அடிக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் நிறைவேறியிருந்தாலும், அவர்கள் மாற்றித் தருவது பொருளை. கூலியையும் நனைந்த அலமாரியையும் தரமாட்டார்கள்.

வாடகை வீடுகளில், 2019 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம், கட்டமைப்புப் பழுதுகளையும் குழாய் மாற்றுவதையும் உரிமையாளர் பக்கமும், குழாய் வாஷர், கழிவுநீர்ப் பாதை போன்ற சிறு பராமரிப்பை வாடகைதாரர் பக்கமும் வைக்கிறது. ஆனால் வியர்த்த சுவர் எந்தப் பக்கம் என்று அதில் வெளிப்படையாக இல்லை. இந்த இடத்தில் இங்கிலாந்தின் அனுபவத்தை நாம் கவனிக்க வேண்டும். வேல்ஸின் டாஃப் எலி நகராட்சிக்கு எதிராகக் குவிக் என்ற வாடகைதாரர் தொடுத்த வழக்கில், உலோக ஜன்னல் சட்டங்களும் வெப்பத்தடுப்பு இல்லாத கட்டுமானமும் சேர்ந்து வீடெங்கும் நீர் துளிர்த்துத் துணிகளும் சாமான்களும் அழுகியபோதும், கட்டடத்தின் எந்த உறுப்பும் பழுதடையவில்லை, எனவே பழுதுபார்க்கும் கடமை எழவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. அதன் பின் பல ஆண்டுகள் அங்கே ஈரத்துக்கு வாடகைதாரரின் 'வாழ்க்கை முறை'யே காரணம் என்று சொல்லப்பட்டு வந்தது. 2020 டிசம்பரில் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டுப் பூஞ்சணத்தில் நெடுநாள் இருந்ததால் வந்த சுவாச நோயே காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். அக்குழந்தையின் பெயரால் வழங்கும் சட்டத்தின்படி, 2025 அக்டோபர் முதல் அங்கே சமூக வீட்டு உரிமையாளர்கள், அதாவது குறைந்த வாடகைக்கு வீடு தரும் நகராட்சிகளும் வீட்டுவசதி அமைப்புகளும், கடுமையான ஈரப் புகாரைப் பத்து வேலை நாட்களுக்குள் ஆராய்ந்தாக வேண்டும். நம் ஊரில் "ஜன்னலைத் திறந்து வைங்க" என்ற வாசகத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தையின் நினைவு வருகிறது.

தென்சென்னை வீட்டில், இரண்டு தாள்களின் படங்களையும், வெட்டிய சுவரில் தெரிந்த குழாயின் படத்தையும், வசதிப் பட்டியலின் அந்தப் பக்கத்தையும் இணைத்து அம்மா கடிதம் அனுப்பினார். அலமாரிப் பக்கத்து ஈரத்தை அதில் சேர்க்க வேண்டாம் என்று நான் சொன்னபோது, "அப்போ இந்தப் பாதி என்னோடது, அந்தப் பாதி அவங்களோடது, சரிதானே தம்பி?" என்று கேட்டு, ஏசியை 25 டிகிரிக்கு ஏற்றி, அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை நகர்த்தி வைத்தார். தன் பங்கை ஒப்புக்கொண்ட கடிதத்தைக் கட்டுமான நிறுவனத்தாலும் எளிதில் மறுக்க முடியவில்லை. மூன்று வாரத்தில் ஆட்கள் வந்து புது உறை போட்டுக் குழாயை மூடினார்கள். மறுநாளே பட்டியும் பெயிண்டுமாக வந்து நின்றவர்களை, "சுவர் காயட்டும், அப்புறம் வாங்க" என்று அவர் திருப்பி அனுப்பினார். மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் தாள் ஒட்டிப் பார்த்தோம். மூன்றாவது மாதம் அதன் இரு பக்கமும் உலர்ந்திருந்தன. அன்றுதான் பெயிண்ட் அடிக்க வரச் சொல்லித் தொலைபேசியில் அழைத்தார்.

வணக்கம்.