ஊகம் உரம்தானுங்க, நடுவர் அவர்களே

நடுவர் அவர்களுக்கும், எதிரணி அண்ணன்மாருக்கும், ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இந்தப் பொங்கல் விழா மேடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிற கம்பெனி அக்காமாருக்கும் வணக்கமுங்க.

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் வருகிற முகம் மாற்றும் கொலையாளிகளைப் பற்றி ரசிகர்கள் கட்டிய ஊகங்கள் அந்தக் கதைக்கு உரமா, களையா என்பதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அண்ணன் களை என்றார். ஊகிக்கிறவன் திரையில் ஓடும் கதையைப் பார்ப்பதில்லை, மனசுக்குள் தனியாக ஒரு கதை ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்றார். ஊகித்ததில் முக்கால்வாசி பொய்த்துப் போனது, மிஞ்சியது கோபம்தான் என்றும் சொன்னார். நான் உரம் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

தொடர் பார்க்காத பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் கதை சொல்லிவிடுகிறேன். 2011-இல் தொடங்கி 2019-இல் முடிந்தது. 8 சீசன், 73 எபிசோடு. அதில் பிராவோஸ் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே ஒரு கோயில். அதன் கதவு ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி வெள்ளை. உள்ளே இருப்பவர்கள் ‘முகமற்றவர்கள்’. செத்தவர்களின் முகத்தை எடுத்துப் பத்திரப்படுத்தி, வேண்டும்போது அணிந்துகொண்டு போய்க் கொலை செய்வார்கள். இந்தக் கூட்டம் எங்கிருந்து தொடங்கியது தெரியுமா? வலீரியா என்ற பேரரசின் சுரங்கத்தில், நெருப்புக்குப் பக்கத்தில் வெந்து செத்துக்கொண்டிருந்த அடிமைகளிடமிருந்து. சாவைக் கேட்டுக் கும்பிட்ட ஓர் அடிமைக்கு அதைக் கொடுத்தவன்தான் முதல் ஆள்.

அந்தக் கோயிலுக்குப் போகிறாள் ஆர்யா. அப்பன் தலையை வெட்டியதைக் கூட்டத்துக்குள் நின்று கேட்ட பிள்ளை. கொல்ல வேண்டியவர்களின் பேரைத் தினமும் ராத்திரி சொல்லிவிட்டுத்தான் தூங்குவாள். அவளுக்கு வழிகாட்டியவர் ஜாக்கென் என்கிறவர். ‘யாரும் இல்லை’ என்று ஆகிவிடு, பேரை விடு, முகத்தை விடு என்பதுதான் அங்கே பாடம்.

5-ஆம் சீசன் கடைசி எபிசோடில் ஒரு காட்சி. அனுமதி இல்லாமல் ஒருவனைக் கொன்றுவிட்டு ஆர்யா திரும்பி வருகிறாள். ஒரு உயிருக்கு ஒரு உயிர் என்று ஜாக்கென் விஷத்தைக் குடித்து அவள் கண்ணெதிரில் சாய்கிறார். அவள் அழுகிறாள். பின்னால் இருந்து ஒரு குரல். திரும்பினால் அங்கேயும் ஜாக்கென். அப்படியானால் கீழே கிடப்பது யார்? அவள் அந்தப் பிணத்தின் முகத்தை உரிக்கிறாள். உள்ளே இன்னொரு முகம். அதையும் உரிக்கிறாள், இன்னொன்று. உரிக்க உரிக்க வந்து, கடைசியில் அவளுடைய முகமே அங்கே கிடக்கிறது. அதைப் பார்த்த அடுத்த நொடியில் கண் இருண்டு குருடாகிறாள்.

நடுவர் அவர்களே, முகத்தை நம்பாதே என்று அடித்துச் சொல்கிற கதை இது. அந்தப் பாடத்தைக் கேட்டுக்கொண்ட ரசிகன், அடுத்த வாரம் திரையில் வருகிற முகத்தைச் சந்தேகப்பட்டால் அது களையா? கதை கொடுத்த விதைதானுங்களே அது, முளைத்திருக்கிறது!

இப்போது 2016 ஜூன் மாதத்துக்கு வாருங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் எனக்குச் செக்கிங் வேலை, தைத்த பீஸில் குறை பார்க்கிற வேலை. ஹாஸ்டல் அறையில் ஏழு பேர், ஒரே ஒரு பழைய லேப்டாப். 6-ஆம் சீசனின் 7-ஆம் எபிசோடு ஓடுகிறது. ஆர்யா, பார்வை திரும்பக் கிடைத்த பிறகு, கோயிலை விட்டு ஓடிவந்து ஒளிந்திருக்கிறவள். கொல்லச் சொன்ன நாடக நடிகையைக் கொல்ல மனமில்லாமல் விஷக் கோப்பையைத் தட்டிவிட்டு வந்தவள். அவளைத் தீர்த்துக்கட்ட இன்னொரு பெண்ணை அனுப்பிவிட்டார்கள். இவள் என்ன செய்கிறாள்? பட்டப்பகலில், கடைத்தெருவில், கையை வீசிக்கொண்டு நடக்கிறாள். கப்பல்காரனிடம் காசுப் பையைத் தூக்கிப் போட்டு ஊருக்குப் போகப் பேரம் பேசுகிறாள். பாலத்தில் சாவகாசமாக நின்று வேடிக்கை பார்க்கிறாள். ஒரு கிழவி பக்கத்தில் வருகிறாள். அந்த முகத்துக்குள் இருப்பது கொல்ல வந்தவள். வயிற்றில் குத்து மேல் குத்து. ஆர்யா கால்வாயில் விழுந்து, ரத்தம் ஒழுக ஒழுகத் தெருவில் நடக்கிறாள். அந்த எபிசோடில் அவள் கதை அத்துடன் நிற்கிறது.

எங்கள் அறையில் யாரும் பேசவில்லை. அப்புறம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிற அக்கா ஒருவர், “இது அவ நடை இல்லைடி” என்றார். “பயந்து ஒளிஞ்சவ இப்படிக் கையை வீசிட்டு நடப்பாளா? அந்த வாள் எங்கே?”

எனக்குச் சுருக்கென்று இருந்தது. போன எபிசோடில்தான் ஆர்யா, கல்லுக்கடியில் மறைத்து வைத்த ‘ஊசி’ என்கிற அந்த மெல்லிய வாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். இப்போது இடுப்பில் அது இல்லை. திரும்ப ஓட்டிப் பார்த்தோம். எந்தக் கையால் எதைச் செய்கிறாள் என்று பார்த்தோம். ஆர்யா இடது கைக்காரி. நடித்த மெய்சி வில்லியம்ஸ் வலது கைக்காரர், ஆனால் தொடருக்கு மூலமான புத்தகத்தில் ஆர்யாவுக்கு இடது கைப் பழக்கம் என்பதற்காக இடது கையில் வாள் சுழற்றக் கற்றுக்கொண்டவர். ஒரு நடிகை அத்தனை பாடுபட்டுச் செய்த ஒரு சின்ன விஷயத்தை ஒரு ஹாஸ்டல் அறையில் ஏழு பேர் தேடிப் பார்க்கிறோமே, இதற்குப் பேர் கதையைப் பார்க்காமல் இருப்பதா?

செக்கிங் மேசையில் பீஸை மடித்து வைத்தால் எல்லாமே நல்ல பீஸ்தான். விரித்து, உள்பக்கம் திருப்பி, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால்தான் ஊசி ஓட்டை தெரியும். அந்த ஒரு வாரம் உலகம் முழுக்க அதைத்தான் செய்தார்கள். குத்துப்பட்டது ஆர்யா இல்லை, அவள் முகத்தில் வந்த ஜாக்கென் என்றார்கள் சிலர். நாடகக்காரர்கள் மேடையில் பொய் ரத்தம் வைத்திருந்தார்களே, அதை வயிற்றில் கட்டிக்கொண்டு போய் வேண்டுமென்றே மாட்டிக்கொண்டாள் என்றார்கள் சிலர். நான் நம்பியது அதைத்தான். இன்னும் சிலர், குத்துகிறவளும் குத்துப்படுகிறவளும் ஒரே ஆள், ஆர்யாவுக்குள் இருந்த பழைய ஆளைக் கொல்கிற சண்டைதான் அது என்றார்கள்.

அடுத்த வாரம் எல்லாம் பொய்த்தது. குத்துப்பட்டது ஆர்யாவேதான். அவளால் உயிர் பிழைத்த அதே நடிகை அவள் காயத்தைத் தைத்துவிட்டாள். அண்ணன் அதைத்தான் பெரிதாகச் சொன்னார்: தப்பாகப் போச்சே என்றார். ஆமாங்க, தப்புதான். ஆனால் அந்த மூன்று ஊகமும் எதை வைத்துக் கட்டியது? முகம் மாறும் என்று கதையே போட்ட சட்டத்தை வைத்து. நாடக மேடை ரத்தம் என்று கதையே காட்டிய பொருளை வைத்து. யாரும் வெளியிலிருந்து ஒன்றையும் கொண்டுவரவில்லை. வயலில் கிடந்ததை வயலுக்கே போட்டார்கள்.

இது நமக்குப் புதுசும் இல்லை. கொல்லிமலை நாமக்கல் பக்கம்தான் இருக்கிறது. அங்கே ஒரு பாவை, பார்க்கிறவரை மயக்கிச் சிரித்தே கொல்லும் என்று சங்க காலத்திலிருந்து நம் ஆட்கள் பேசிவருகிறார்கள். கூடுவிட்டுக் கூடு பாய்ந்த கதையும் நம்மிடம்தான் இருக்கிறது. பெரியபுராணத்துத் திருமூலரை நினைத்துப் பாருங்கள். சாத்தனூரில் மாடு மேய்க்கிற மூலன் செத்துக் கிடக்கிறான். மாடுகள் சுற்றி நின்று கதறுகின்றன. அவற்றின் துயரம் பொறுக்காமல், வந்த யோகி தன் உடம்பை ஒளித்து வைத்துவிட்டு மூலன் உடம்புக்குள் புகுந்து எழுகிறார். மாடுகளுக்குச் சந்தோஷம், மோந்து பார்த்து நக்குகின்றன. மூலன் எழுந்துவிட்டான், அவற்றுக்கு அது போதும்.

ஆனால் பொழுது சாய்ந்து மூலனின் மனைவி வருகிறாள். அதே முகம், அதே தோள், அதே கோல். ஆனால் அந்த உடம்பு அவளை ஒட்டவிடாமல் விலகி நிற்கிறது. அவள் ஊர்ப் பெரியவர்களிடம் போய்ச் சொல்கிறாள், வந்து பாருங்கள் என்று. அவர்கள் வந்து பார்த்த பிறகுதான் உள்ளே இருப்பது வேறு ஆள் என்று புரிகிறது. நடுவர் அவர்களே, எங்கள் ஓவர்லாக் அக்கா “இது அவ நடை இல்லை” என்று சொன்னபோது எனக்கு அந்த அம்மாதான் ஞாபகம் வந்தாள். நேசிக்கிறவள்தான் சந்தேகப்படுவாள். பழகாத ஆளுக்கு முகம் போதும்.

அடுத்து ஏமாற்றம் என்றார் அண்ணன். 2019-இல் கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டது உண்மைதான். அந்தக் கோபத்தை ஊகத்தின் தலையில் கட்டாதீர்கள். 3-ஆம் சீசனில் செந்நிற உடைக்காரி மெலிசாண்ட்ரே ஆர்யாவிடம் சொன்னாள்: பழுப்புக் கண், நீலக் கண், பச்சைக் கண் எல்லாவற்றையும் நீ மூடுவாய் என்று. பச்சைக் கண் ராணி செர்சேயுடையது, ஆர்யா வேறு முகத்தில் வந்து அவளை முடிப்பாள் என்று ரசிகர்கள் ஆறு வருசம் காத்திருந்தார்கள். 7-ஆம் சீசன் முதல் காட்சியில் கிழவன் வால்டர் ஃப்ரேயின் முகத்தில் உட்கார்ந்து ஒரு குடும்பத்துக்கே விஷம் ஊற்றியவள் அவள். 8-ஆம் சீசன் முழுக்க ஒரு முகம்கூட அணியவில்லை. செர்சே மேல் செங்கல் விழுந்தது. இரண்டு சீசன் உட்கார்ந்து கற்ற வித்தையைக் கதையே கைவிட்டது. பயிர் வாடினால் தண்ணீர் நின்றதா என்று பார்ப்போமா, உரம் போட்டவனைத் திட்டுவோமா? கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாருக்காகவும் நான் பேசவில்லை. ஆனால் ஆர்யாவின் முகங்களுக்காக வருத்தப்பட்டவர்கள், அவளைக் கூர்ந்து பார்த்ததால் வருத்தப்பட்டவர்கள்.

சரி, மணி அடித்துவிட்டீர்கள். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

6-ஆம் சீசனின் அந்த 8-ஆம் எபிசோடில் ஆர்யா தான் ஒளிந்திருந்த இருட்டறைக்குத் துரத்துகிறவளை இழுத்து வருகிறாள். ஒரு மெழுகுவர்த்தி. குருடியாக இருந்து பழகியவள் அல்லவா, ‘ஊசி’யால் திரியை வெட்டுகிறாள். திரை கறுப்பு. சண்டையை யாருமே பார்க்கவில்லை. அடுத்து, கோயில் சுவரில் அந்தப் பெண்ணின் முகம், கண் குழியிலிருந்து ரத்தம் வடிய. ஆர்யா ஜாக்கென் நெஞ்சுக்கு நேராக வாளை நீட்டுகிறாள். கடைசியில் நீ ‘யாரும் இல்லை’ ஆகிவிட்டாய் என்கிறார் அவர். நான் வின்டர்ஃபெல்லின் ஆர்யா ஸ்டார்க், வீட்டுக்குப் போகிறேன் என்கிறாள் இவள். கோயிலையே உதறிவிட்டுப் போகிற பிள்ளையைப் பார்த்து அவர் கோபப்படவில்லை. தலையை லேசாக அசைத்து, உதட்டோரம் சிரிக்கிறார்.

ஏன் சிரித்தார்? எங்கள் ஏழு பேருக்குள் இன்றைக்கும் அதற்கு நாலு பதில் இருக்கிறது. ஊகம் வேண்டாம் என்கிற எதிரணி அண்ணன், எழுந்து வந்து ஊகிக்காமல் இதற்குப் பதில் சொல்லட்டுமுங்க. வணக்கம்.