பல்பை மாத்தாமலே பழைய காரோட ஹெட்லைட்டைப் பளிச்சுன்னு ஆக்கலாம்!

வணக்கம் மக்களே! உங்க பழைய கார்ல ராத்திரி லைட்டைப் போட்டா அகல் விளக்கு மாதிரி மஞ்சளா, மங்கலா எரியுதா? "பழைய வண்டின்னா அப்படித்தான்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. புதுசா வந்த அன்னைக்கு அந்த லைட் இவ்வளவு மோசமா எரியலை. நடுவுல எங்கேயோ வெளிச்சம் தொலைஞ்சுபோச்சு. காசு போட்டு எதையும் வாங்குறதுக்கு முன்னாடி அதைத் தேடிப் பிடிப்போம் வாங்க.

வரலாறு ரெண்டே வரியில சொல்லிடறேன். 1940ல அமெரிக்க கார்கள்ல 7 இன்ச் வட்ட சீல்டு பீம் வந்தது. கண்ணாடி, ரிஃப்ளெக்டர், ஃபிலமென்ட் (சூடாகி ஒளி விடுற மெல்லிய கம்பி) மூணும் ஒண்ணா ஒட்டினது, ஃபிலமென்ட் போனா மொத்தத்தையும் மாத்தணும். 1971ல எச்4ங்கிற ஹாலஜன் பல்பு வந்தது, பல்பை மட்டும் கழட்டி மாட்டலாம். அவ்வளவுதான் வரலாறு.

இப்ப விஷயத்துக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, தயவுசெஞ்சு ஸ்கிப் பண்ணாதீங்க.

(திரையில்: மல்டிமீட்டர், பேட்டரி)

வோல்டேஜ் அளக்கிற ஒரு மல்டிமீட்டர் எடுங்க. இஞ்சினை ஓட விட்டு லோ பீம் போடுங்க. முதல்ல பேட்டரியில வெச்சுப் பாருங்க. 13.5 வோல்ட் காட்டுதுன்னு வெச்சுக்குவோம். அடுத்து பல்புக்குப் பின்னாடி இருக்கிற கனெக்டர்ல வெச்சுப் பாருங்க. பல்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போதே பார்க்கணும். கழட்டிட்டுப் பார்த்தா கரன்ட் ஓடாது, மீட்டரும் எல்லாம் நல்லா இருக்குன்னு பொய் சொல்லும். அங்கே 12.15 காட்டுதுன்னா 10 சதவீதம் குறைஞ்சிருக்கு.

"பத்துதானே, போகட்டும்"னு தோணுதா? வெளிச்சம் 30 சதவீதம் போயிடுச்சு! ஃபிலமென்ட் பல்போட வெளிச்சம் ஏறக்குறைய வோல்டேஜோட 3.4ஆம் அடுக்குக்குத் தக்கபடி ஏறி இறங்கும். கால்குலேட்டர்ல 0.9ஐ 3.4 அடுக்குக்குப் போட்டுப் பாருங்க, 0.7 வரும். வோல்டேஜ் 15 சதவீதம் குறைஞ்சா வெளிச்சத்துல 40 சதவீதத்துக்கு மேல காலி. நிறம் மஞ்சளாகுறதும் இதனாலதான், ஃபிலமென்ட்டுக்குச் சூடு பத்தலை. முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரலை!

சரி, அந்த வோல்டேஜ் எங்கே போச்சு? பல பழைய கார்கள்ல கரன்ட் பேட்டரியில இருந்து கிளம்பி, டேஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து டிப்பர் சுவிட்சுக்குப் போய், அப்புறம் தலையைச் சுத்தி பல்புக்கு வரும். 55 வாட்ஸ் பல்பு ரெண்டுன்னா 9 ஆம்பியர். அவ்வளவும் கட்டைவிரல் அளவு சுவிட்சுக்குள்ளே, மெல்லிசு வயர்ல ஓடணும். வாய்க்கால் வழியெல்லாம் கசிஞ்சா கடைமடைக்குத் தண்ணி எப்படிச் சேரும்? ராத்திரி அரை மணி நேரம் ஓட்டிட்டு வந்து அந்த சுவிட்சைத் தொட்டுப் பாருங்க. கதகதன்னு இருந்தா, அந்தச் சூடு ரோட்டுல விழ வேண்டிய வெளிச்சம்.

மருந்து என்ன? ரிலே! உள்ளங்கையில அடங்குற சின்ன டப்பா. பழைய சுவிட்ச் இனிமே பாரம் சுமக்க வேண்டாம், "மதகைத் திற"ன்னு சொன்னாப் போதும். ரிலேயை இயக்குற காயில், அதாவது உள்ளே இருக்கிற கம்பிச்சுருள், கால் ஆம்பியருக்கும் குறைவாத்தான் எடுக்கும். பல்புக்கான கரன்ட் பேட்டரியில இருந்து தடிமனான வயர்ல நேரா வரும். அடியில நம்பர் போட்டிருக்கும்: 30 பேட்டரிக்கு, 87 பல்புக்கு, 85ம் 86ம் காயிலுக்கு. லோ பீமுக்கு ஒண்ணு, ஹை பீமுக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபியூஸ், பேட்டரிக்குப் பக்கத்துலயே. ஃபியூஸ் இல்லாம மட்டும் மாட்டாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். வயரிங் வராதவங்களுக்கு ரெடிமேட் செட்டாவும் கிடைக்குது. ஆனா சில ஜப்பான் வண்டிகள்ல சுவிட்ச் எர்த் பக்கம், அதாவது கரன்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போற வழியில இருக்கும், வாங்குறதுக்கு முன்னாடி பார்த்துக்குங்க.

எர்த்தையும் விட்டுடாதீங்க. ஹெட்லைட் எர்த் வயர் பாடியில ஒரு ஸ்க்ரூல உட்கார்ந்திருக்கும். கழட்டினா அடியில துருவும் பெயின்ட்டும், வளையத்துல பச்சைக் களிம்பும் இருக்கும். உப்புத்தாள் போட்டு உலோகம் மின்னுற வரைக்கும் தேய்ச்சு, கிரீஸ் தடவி இறுக்குங்க. செலவுன்னு பார்த்தா ஒண்ணுமே இல்லை!

இதெல்லாம் முடிச்ச பிறகுதான் பல்பு. உங்க வண்டியில 7 இன்ச் வட்ட சீல்டு பீம் இருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி. மினி, லேண்ட் ரோவர் எல்லாம் அதே அளவுதான், எச்4 போடுற மாதிரி கூடு சுலபமா கிடைக்கும். கண்ணாடி முகப்பு, உலோக ரிஃப்ளெக்டர் இருக்கிறதா எடுங்க. இடது பக்கம் ஓட்டுற ஊருக்கும் வலது பக்கம் ஓட்டுற ஊருக்கும் கண்ணாடி வேற வேற. மாத்தி மாட்டினா லோ பீம் எதிர்ல வர்றவர் கண்ணுல ஏறும். பல்பு 60/55 வாட்ஸ் போதும், ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55. 100/90 வேண்டவே வேண்டாம். என் நண்பர் கார்ல அதை மாட்டி, கனெக்டர் உருகிக் கறுப்பாகி, பல்போட ஒட்டிக்கிட்டதை நானே கத்தியால பிரிச்சு எடுத்தேன்.

"அண்ணா, எல்இடி பல்பு போடலாமா?"ன்னு நிறையப் பேர் கேக்கறீங்க. எச்4 பல்பை உத்துப் பாருங்க. லோ பீம் ஃபிலமென்ட்டுக்கு அடியில குட்டிக் கிண்ணம் மாதிரி ஒரு மறைப்பு தெரியும். அந்த ஃபிலமென்ட்டும் மறைப்பும் இருக்கிற இடத்தைக் கணக்குப் பண்ணித்தான் ரிஃப்ளெக்டரே செஞ்சிருக்காங்க. எல்இடி சில்லு மில்லிமீட்டர் கணக்குல தள்ளி உட்கார்ந்தாலும் வெளிச்சம் சிதறும். உங்களுக்குப் பளிச்சுன்னு தெரியும், எதிர்ல பைக்ல குழந்தையோட வர்றவருக்குக் கண்ணு இருட்டும். அதனால ஹாலஜன் கூட்டுக்குள்ள எல்இடி பல்பை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். எல்இடிக்குன்னே செஞ்ச முழு யூனிட் நல்லது, ஆனா பட்ஜெட் தாங்காது. 6 வோல்ட் வண்டியோ பாசிட்டிவ் எர்த் வண்டியோ (பேட்டரியோட பாசிட்டிவ் முனையை பாடியில மாட்டியிருக்கிறது) வெச்சிருக்கவங்க அதுக்குப் பொருந்துமான்னு கேட்டுட்டு வாங்குங்க.

கடைசியா, சமதரையில சுவர்ல இருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்க. பொதுவா லோ பீமோட மேல் விளிம்பு லைட் உயரத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழணும்.

இந்த வார லீவுல மீட்டரை எடுத்துக்கிட்டு வண்டிக்கிட்ட போங்க. பேட்டரி ரீடிங், பல்பு ரீடிங் ரெண்டையும் கமெண்ட்ல போடுங்க. எவ்வளவு வெளிச்சம் தொலைஞ்சிருக்குன்னு கணக்குப் போட்டு ஒவ்வொருத்தருக்கும் நானே பதில் எழுதறேன்.