மதிலையும் தாருங்கள், ஞாயிற்றுக்கிழமையையும் தாருங்கள்

தலைவர் அவர்களே, நேரத்துக்கே வந்து முன்வரிசையில் இருக்கிற பிரதேச சபை உறுப்பினர் அவர்களே, அதிபர் அவர்களே, ஆசியுரை தந்த குருக்கள் ஐயா, முன்பள்ளி ஆசிரியைகளே, கச்சான் கொறித்தபடி பின்னுக்கு நிற்கிற தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை வேண்டாம், அந்தக் காசுக்குப் பெயின்ற் வாங்குங்கோ என்று செயலாளரிடம் முதலே சொல்லியிருந்தேன். போர்த்தியே விட்டார்கள், நன்றி.

மூன்று விடயம் பேச வந்தேன். பிள்ளைகளோடு சேர்ந்து வரைவது, சேர்ந்து செய்வது, பாடசாலையில் சித்திரப் பாடம் படுகிற பாடு.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு. கனடாவிலிருந்து வந்த அப்பப்பா பேரனுக்குப் பெரிய வர்ணப் பெட்டி ஒன்று கொண்டுவந்தார். தாய் அதை உடைக்காமல் அலுமாரிக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டார், வருகிறவர்களுக்குக் காட்ட. பெடியன் என்ன செய்வான், அடுப்படிக் கரித்துண்டை எடுத்துப் புதிதாக வெள்ளையடித்த மதிலில் ஓர் ஆடு கீறினான். தலையும் முன்னங்கால் இரண்டும்தான். தகப்பன் பூவரசந்தடி முறிக்கப் போக, அப்பப்பா அவரை மறித்து, தானும் ஒரு கரித்துண்டோடு பக்கத்தில் குந்தினார். குந்தினவர் சும்மா இருந்தாரா? "டேய், மிச்ச ஆடு எங்கை? நான் கீறித் தரட்டே?" பெடியன் சொன்னான்: "வேண்டாம் அப்பப்பா, மிச்சம் வேலிக்கு அங்காலை, பக்கத்து வளவுக்கை நிக்குது." சிரிக்கிறீர்கள். எல்லைவேலிக்கு வழக்குப் போட்டவர்கள் கொஞ்சம் மெதுவாகச் சிரிக்கிறீர்கள்!

அவர் வாலைக் கீறிக் கொடுத்திருந்தால் அந்தப் பதில் வந்திராது. பக்கத்தில் இருங்கள், உங்கள் படத்தை நீங்கள் கீறுங்கள், பிள்ளையின் படத்தில் கை வைக்காதீர்கள். "இது என்ன?" என்று விசாரிக்காமல் "இதைப் பற்றிச் சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள், கதை தானாக வரும்.

சேர்ந்து செய்வதற்கு வல்வெட்டித்துறையைப் பாருங்கள், போதும். தைப்பொங்கலுக்குக் கடற்கரையில் ஏறுகிற பட்டங்களை ஒருவர் தனியே கட்டுவதில்லை. ஒருவர் மூங்கில் சீவ, இன்னொருவர் முச்சை நூல் கட்ட, சின்னனுகள் பசை பூசிக் கடதாசி ஒட்டும்.

சேர்ந்து வரைவதும் எங்களுக்குப் புதிதல்ல. 1938இலேயே ஓவியர் எஸ். ஆர். கனகசபை இங்கே யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார். குருநகர் ஓவியர் மாற்கு மாஸ்டர் எத்தனை பேருக்குத் தூரிகை பிடிக்கக் காட்டினார்! அவருடைய ஓவியங்கள் பல போரால் வந்த 1995 இடப்பெயர்வோடு போயின. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பதை நான் சும்மா சொல்லவில்லை.

இப்போது மதில் இருக்கிறது, பிள்ளைக்கு நேரமில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை என்று ஞாயிறு விடியவே ரியூஷனுக்கு ஏற்றிவிடுகிறோம், எட்டு வயதுப் பிள்ளையை! நான் எங்கே போனாலும் இதைத்தான் கேட்கிறேன், இங்கேயும் கேட்கிறேன். ஒவ்வொரு சனசமூக நிலையமும் தன் வெளிமதிலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும். ஐந்தாம் ஆண்டு வரை ஞாயிறு காலை வகுப்பு வேண்டாம். அம்மா, அப்பா, அம்மம்மா எல்லோரும் பழைய உடுப்போடு வாருங்கள். நிறம் உடுப்பில் படத்தான் படும்.

தலைவர் சிரிக்கிறார், அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறேன். சித்திரப் பாடத்தைப் பற்றி... சரி, மணி அடித்துவிட்டார்கள். பெயின்ற் வாங்கித் தருகிறவர்கள் செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.