அப்பத்தைப் பற்றிய வழக்கா அது?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வேதப்புரட்டு, அதாவது திருச்சபைக் கொள்கைக்கு மாறான கருத்து என்று பெண்கள் கொல்லப்பட்டது நம்பிக்கைக்காகவா, வாய் திறந்ததற்காகவா? வாய் திறந்ததற்காகவே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் இங்கிலாந்தின் ஆன் ஆஸ்க்யூவைத் துணைக்கு அழைத்தார். திருப்பலி என்ற கிறிஸ்தவ வழிபாட்டில் தரும் அப்பம் கிறிஸ்துவின் உடலாக மாறுவதில்லை என்றார் ஆன். 1539ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குத் தீதான் தண்டனை. 1546 ஜூலை 16 அன்று லண்டன் ஸ்மித்ஃபீல்டில் அவரோடு மூன்று ஆண்களும் எரிந்தார்கள். ஆகவே நம்பிக்கைதான் காரணம் என்றார் நண்பர். கைதட்டலும் வாங்கினார். ஆனால் 1543இல் வந்த இன்னொரு சட்டத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். உயர்குடி ஆண் தன் வீட்டாருக்கு வேதாகமத்தை வாசித்துக் காட்டலாம். உயர்குடிப் பெண் தனியாகத் தனக்குள் வாசித்துக்கொள்ளலாம். பிறர் காதில் விழக் கூடாது. எளிய வீட்டுப் பெண்ணுக்கு அதுவும் இல்லை. அதே நூல், அதே வசனம்! குரல் யாருடையது என்பதில்தான் சட்டத்துக்குக் கவலை.

ஆனின் முதல் விசாரணையிலேயே லண்டன் ஆயரின் அதிகாரி பாய்ந்தார்: இறைவார்த்தையைப் பெண்கள் பேசக் கூடாது என்று திருத்தூதர் பவுல் தடுத்திருக்கிறாரே! சபையில் போதிப்பதைத்தான் பவுல் தடுத்தார் என்று விளக்கிவிட்டு, ‘எத்தனை பெண்கள் பிரசங்க மேடை ஏறி நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டார் ஆன். ஒருவரையும் பார்த்ததில்லை என்றார் அவர். அப்படியானால் சட்டத்தை மீறாத ஏழைப் பெண்களிடம் குறை காணாதீர்கள் என்றார் ஆன். இந்த மேடையில் நாங்கள் கூட இவ்வளவு சுருக்கமாக மடக்குவதில்லை.

அடுத்து, நெதர்லாந்தின் லேவார்டன். குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத அனபாப்டிஸ்ட் பிரிவைச் சேர்ந்த எலிசபெத் டிர்க்ஸ் என்ற பெண்ணிடம் லத்தீன் புதிய ஏற்பாடு அகப்பட்டது. ‘தேடிய ஆள் கிடைத்துவிட்டார், இவர்தான் போதகி’ என்று மகிழ்ந்தார்கள் பிடித்தவர்கள். ஞானஸ்நானம் பற்றியும் கேட்டார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தாய் என்று கேட்டுத்தான் அவரை விடாமல் நெருக்கினார்கள். விரல்களைத் திருகுக் கருவியால் நசுக்கியும் ஒரு பெயரும் வரவில்லை. 1549இல் நீரில் மூழ்கடித்துக் கொன்றார்கள்.

மீண்டும் ஆனிடம் வருகிறேன். அவருக்குத் தண்டனை விதித்தாகிவிட்டது. அதன் பிறகு லண்டன் கோபுரச் சிறையில் அவரை உடலை இழுக்கும் சித்திரவதைக் கட்டிலில் கிடத்தினார்கள். அரசின் உயர் அமைச்சரான லார்டு சான்சலர் ரையத்ஸ்லியும் அரசவை ஆலோசகர் ரிச்சர்ட் ரிச்சும் தங்கள் கையாலேயே இழுத்ததை ஆனே எழுதிவைத்திருக்கிறார். இறக்கிய பிறகும் வெறுந்தரையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சான்சலரோடு வாதாடியிருக்கிறார். நடக்க முடியாத அவரை நாற்காலியில் வைத்துத்தான் எரிக்கும் இடத்துக்குத் தூக்கிப்போனார்கள்.

அந்தச் சித்திரவதைக் கட்டிலில் அவரிடம் அப்பத்தைப் பற்றியா கேட்டார்கள்? உன்னைப் போல் நினைக்கும் சீமாட்டிகள் யார் யார், சிறையில் உனக்குப் பணம் அனுப்பியவர்கள் யார் என்று கேட்டார்கள். குற்றம் அப்பத்தோடு முடிந்தது என்றால், தீர்ப்புக்குப் பிறகு அந்தக் கட்டில் எதற்கு? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.